தேதிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

அக்கா சமையல் கேஸைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். தண்ணீர் கேன் போடுகிறவர் மாடிவீட்டு அம்மாவிடம் சொல்லி, அவர் சித்தப்பாவிடம் சொல்லி, சித்தப்பா கடல் தாண்டி இருக்கும் என்னிடம் சொன்னார். பத்து வருடம் முன்பு அக்கா மனநல மாத்திரை சாப்பிட்டவள். அதனால் சாகத்தான் திறந்திருப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான். அவளை மனநல மருத்துவமனையில் சேர்க்கக் கேட்டு மின்னஞ்சலில் வந்த விண்ணப்பத்தில் உறவினர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

ரெகுலேட்டரில் கசிவு, வாடை போகத்தான் ஜன்னல்களைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள் என்று மெக்கானிக் சொன்னது மூன்று நாள் கழித்து. அதற்குள் அவளைக் கட்டாய சிகிச்சை வார்டில் அடைத்திருந்தார்கள்.

அப்படி அடைப்பதற்கான படிவங்களை, அது சரியா என்று பார்க்கும் விசாரணைக் குழுவின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தவள் அவள். அங்கே அவள் பெயர் 'டைப்பு அக்கா'. விருப்பமில்லாத ஒருவரை அடைத்துவைக்க, அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் குழு விசாரிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

நேற்று வார்டிலிருந்து பேசினாள்.

"ஏன்டா, என் படிவத்தை எவனோ ஒத்தை விரல்ல குத்தியிருக்கான். தேதியே தப்பு. அடிச்சுத் திருத்திக் குடுத்தேன்."

"உன்னை உள்ள தள்ற காகிதத்தைத் திருத்திக் குடுத்தியாக்கா?"

"கை சும்மா இருக்குமா? திருத்தினா பக்கத்துல சின்னக் கையெழுத்து போடணும். போட்டேன்."

தேதிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கையெழுத்து விழுந்த இடம் நோயாளியின் சம்மதக் கட்டம்; காகிதப்படி அவள் இப்போது தானாகச் சேர்ந்தவள். இன்று ஏழாம் நாள். குழுவின் குமாஸ்தாவைக் கூப்பிட்டேன்.

"தானா சேர்ந்தவங்களுக்கு விசாரணை கிடையாதே சார்."

"அப்ப தானா வெளிய வரலாமில்ல?"

"டாக்டர் விடணும். இல்லன்னா விண்ணப்பிச்ச நீங்க நேர்ல வரணும்."

என் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் கிடக்கிறது. அதைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வேலை கத்துக்குடுத்தவங்க சார் அவங்க. சம்மதம் இல்லைன்னு அவங்க வாயால அஞ்சு மணிக்குள்ள எனக்குப் போன்ல சொல்லச் சொல்லுங்க, இன்னைக்கே விசாரணைப் பட்டியல்ல சேத்துடறேன். தவறிச்சுன்னா அடுத்த மாசம்தான்."

அங்கே இப்போது நாலு நாற்பது. வார்டு எண்ணை அழைக்கிறேன். வார்டின் தொலைபேசி பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நர்ஸ் மேசையில் இருக்கிறது. நர்ஸ் எடுத்தால்தான் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு மணி மட்டும் நன்றாகக் கேட்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

நாலு ஐம்பத்திரண்டு. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.