கோயிலுக்குள் இருந்த கோயிலை வெளியே எடுத்த கதை

"சனிக்கிழமை எங்க ஊர்க் கோயிலுக்குள்ள இருக்க கோயில வெளிய எடுக்கோம் தம்பி, பாக்க வாரியளா?" என்று மதுரையில் என்னோடு வேலை பார்க்கும் எஸ்தர் அக்கா கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேவாலயத்தையும் அவர்கள் ஊரில் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பது மட்டும் தெரியும். போன பிப்ரவரியில் பால்கோவா, பிளவக்கல் அணை என்று ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். அதை அந்த நிமிஷமே ஓரங்கட்டினேன். இப்படி ஒரு அழைப்பு வந்தால் அணை எங்கே ஓடிவிடப் போகிறது?

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணி பஸ். ராஜபாளையம் வரை சுமார் 85 கிலோமீட்டர், டிக்கெட் எண்பது ரூபாய். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பிக்கும், ஜன்னல் சீட்டை விட்டுவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்ற இடைவெளியில் இறங்கி ஓடிப்போய் கால் கிலோ பால்கோவா வாங்கினேன். ராஜபாளையம் வருவதற்குள் அதில் பாதி காலி.

ஊர் சோழபுரம் பக்கம். ஆட்டோவுக்கு 250 ரூபாய். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார். "செவத்துக்குள்ள செவரு வச்சாகளே, அந்தக் கோயிலா? ஏறுங்க. இன்னைக்கு அங்க சோறும் உண்டு."

உள்ளே நுழைந்ததும் வாயைப் பிளந்துவிட்டேன். சுற்றிலும் புதுச் செங்கல் சுவர், மேலே இரும்புச் சட்டத்தில் புது ஷீட். அதற்கு அடியில், நட்ட நடுவில், மரத் தூண்கள் மேல் ஒரு பழைய ஓட்டுக்கூரை. அதன் மண்சுவர்களைப் போன வாரமே இடித்துக் கூடை கூடையாக வெளியே கொட்டிவிட்டார்கள். கூரை மட்டும் பாக்கி. நாளைக் காலை எட்டரைக்கு ஆராதனை, அதற்குள் அது போயாக வேண்டும்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதை ஓடு கைமாற்றும் வரிசையில் நின்றபடி எஸ்தர் அக்கா சொன்னார். (ஆமாம், வந்த கால் மணி நேரத்தில் என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கேமரா பையிலேயே தூங்கியது.) முதலில் அங்கே இருந்தது பருத்திக் காட்டு வேலைக்குப் போன சில குடும்பங்கள் போட்ட ஓலைக் குடிசை. ஆள் பெருகியதும் ஓட்டுக்கோயில் கட்ட நினைத்தார்கள். ஆனால் கட்டி முடிகிற வரை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடுவது? அதனால் குடிசையைச் சுற்றியே மண்சுவர் எழுப்பி, கூரை போட்ட பிறகு குடிசையை உள்ளிருந்து பிரித்து எடுத்தார்கள். "ஒரு ஞாயிறுகூட ஆராதன நின்னதில்ல தம்பி. இந்தத் தடவையும் நிக்கக் கூடாது." அந்த ஓட்டுக்கோயிலும் பற்றாமல் போய், அதைச் சுற்றி எழும்பியதுதான் இப்போதைய கோயில். எனக்குப் புல்லரித்துவிட்டது.

மத்தியானம் சாம்பார் சோறு. சாயங்காலத்துக்குள் ஓடு, ஓட்டைத் தாங்கிய ரீப்பர் கட்டை, தூண் எல்லாம் வெளியே போய்விட்டன. கடைசியாக முகட்டு விட்டம், ஒரே தேக்கு மரம், முப்பது அடி நீளம். பதினாறு பேர் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனோம். முட்டியது.

வாசலுக்கு முன்னால் கோபுர முகப்பு. முகப்பின் முன்பக்கம் கெட்டிச் சுவர், பக்கவாட்டில்தான் வழி. ஆள் திரும்பலாம், முப்பது அடி மரம் திரும்பாது. ஜன்னலிலெல்லாம் கம்பி பதித்தாகிவிட்டது. போன தடவை ஓலையும் மூங்கிலும் சுருட்டிக்கொண்டு போனதால், இந்தத் தடவை உள்ளே இருப்பது எப்படி வெளியேறும் என்று யாருமே யோசிக்கவில்லை. கட்டிய சாலமோன் கொத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மேல ஷீட்ட கழட்டுனா?"

"கழட்டலாம். திங்கக்கெழமதான் மாட்ட முடியும். ஞாயிறு போச்சுல்லா?"

யாரோ ரம்பம் எடுத்து வந்தார்கள். அதுவரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்த எதிர்வீட்டு நாயுடு மெதுவாகக் கேட்டார். "அறுக்கப் போறியளா? எங்க தாத்தா மலையடிவாரத்துல இருந்து மாட்டு வண்டில கொண்டாந்து குடுத்தது." அவர் இந்தக் கோயிலில் கும்பிடுபவர் இல்லை. சாலமோன் ரம்பத்தை வாங்கினார், மரத்தைப் பார்த்தார், ரம்பத்தைக் கீழே வைத்தார். எனக்கே அழுகை வரும்போல இருந்தது.

எஸ்தர் அக்காதான் விளக்குமாற்றோடு வந்தார். "இப்ப என்ன? நடுவுலதான கெடக்கு? ஆம்பளையாளு அங்கிட்டு, பொம்பளையாளு இங்கிட்டு. நாம எப்பவும் அப்படித்தான உக்காருதோம்?"

சாலமோன் சிரித்த சிரிப்பில் பதினாறு பேரும் சேர்ந்துகொண்டோம். விட்டத்தை நேராக்கி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். நான் ராஜபாளையத்தில் 900 ரூபாய் அறையில் கட்டை மாதிரி தூங்கினேன்.

ஞாயிறு எட்டரைக்கு மணி அடித்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள், நடுவே தேக்கு. முட்டி வலிக்காரர்கள் பாய் வேண்டாம் என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். முதல் பாட்டு எழும்பியபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த நாயுடுவை ஒருவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து விட்டத்தின் ஓரத்தில் உட்கார வைத்தார். அவர் உள்ளங்கையால் மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். ஆராதனை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். டவுன் பஸ்ஸை நம்பினால் வெயிலில் காய வேண்டும், ஆட்டோவே மேல். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்புப் பண்டிகைச் சமயம் என்றால் இன்னும் விசேஷம் என்கிறார்கள்.

கிளம்பும்போது சாலமோன் கொத்தனார் ஆட்டோ வரை வந்தார். சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, ஷீட்டில் கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தபடி சொன்னார்:

"அடுத்த கோயில் கட்டயில மொதல்ல வாசல அளந்துருவேன் தம்பி. இதையும் வெளிய எடுக்கணும்லா."