படத்தில் இல்லாத அன்ரி

கனடாவில், ஸ்காபரோ கல்லூரி ஒன்றில் நான் கணக்கியல் படித்த வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர் அந்த யாழ்ப்பாணத்து அன்ரி. ஊதா நிற வின்ரர் கோட்டை வகுப்புக்குள்ளும் கழற்றமாட்டார். விடைத்தாள் திரும்பி வந்தால் போதும், அரை மார்க்குக்காக ஆசிரியரின் மேசையை விட்டு நகரமாட்டார். குழு வேலையில் அவருடைய துணை நான் என்பதால், அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்க வேண்டும்.

இத்தனையும், நல்ல மார்க் எடுப்பவர்களைக் கல்லூரியே அழைத்துச் சேர்க்கும் ஒனர் சொசைட்டி என்ற கௌரவச் சங்கத்துக்காக. "அவையளே என்னைக் கூப்பிட வேணும்" என்பார்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். சேர்க்கும் விழாவுக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். மேடையில் சான்றிதழை வாங்கிய அன்ரி இறங்காமல் சங்கத் தலைவரிடம் ஏதோ கேட்டார். பிறகு என்னைக் கைகாட்டினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எரிச்சலில் எனக்குக் காது சுட்டது.

நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, உம்மட பேரை ஏன் வாசிக்கேல்லை?"

"எனக்கு மார்க் காணாது, அன்ரி. போங்கோ, மேல படம் எடுக்கினம்."

"படம் கிடக்கட்டும். எந்தப் பாடத்தில குறைஞ்சது? அதைச் சொல்லும்."

"ஐயோ, போங்கோ அன்ரி!"

போகவில்லை. கோட்டை ஒதுக்கிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். மேடையில் எல்லோரும் நெருங்கி நின்று சிரித்தார்கள்.

அந்தப் படம் கல்லூரிச் சுவரில் தொங்குகிறது. அதில் அவர் இல்லை. அதற்காக அவர் ஒருநாளாவது கவலைப்பட்டாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான்தான் அதைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன்.