முக்தார் நானா முடுக்கிய கியர்

இலங்கை மலைப்பக்கத்துப் புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில் சைக்கிள் திருத்திய முக்தாருக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பஞ்சர் ஒட்டிக் கொடுக்கும்போதே "முள்ளு ஈக்கிற வழியால ஏன்டா போன?" என்று ஒரு அறை விடுவார். வேலை தெரிந்தவர் என்று ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுத்திருக்கக் கூடாது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு வாக்கில், மேல் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெரிய கணக்கப்பிள்ளை மூன்று கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார். அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் கியர் சைக்கிள். அதைத் துடைப்பதும், பழுதென்றால் கடைக்கு உருட்டிவருவதும் அவர் வீட்டு வேலைக்காரன் ஏழுமலையின் பாடு. முக்தார் கியர்ப் பற்கள் அடங்கிய பின்சக்கரத்துக் குடத்தைக் கழற்றிப் பூட்டி, கடையில் எல்லாவற்றுக்கும் விடும் தேங்காயெண்ணெயை அதற்குள்ளும் தாராளமாக ஊற்றினார்.

மார்கழி பிறந்ததும் தொல்லை பிறந்தது. விடியலில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு மேடேறும்போது கியர் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றியது. கணக்கப்பிள்ளை தொழிலாளர் கண்முன்னே குப்புற விழுந்தார். எழுந்ததும் ஏழுமலையைப் பிரம்பால் வெளுத்துவிட்டார்.

மத்தியான வெயிலில் ஏழுமலை சைக்கிளை உருட்டிவந்தான். முக்தார் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். மூன்று கியரும் சுத்தமாக விழுந்தன. கம்பியைத் தளர்த்தி இழுத்து, திருகாணியையும் ஒரு முடுக்கு முடுக்கினார்.

"நல்லாத்தானே ஈக்கி? நீதான் என்னமோ நோண்டியீக்க."

"நான் தொடவே இல்லீங்க நானா. காலையில மட்டுந்தாங்க வழுக்குது."

"சைக்கிளுக்கு நேரம் பாக்கத் தெரியுமாடா?" என்று ஸ்பானரால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். இவன்தான் நோண்டுகிறான் என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்லியும் அனுப்பினார். பாழாய்ப்போன வாய்!

மறுநாளும் கணக்கப்பிள்ளை விழுந்தார். "நோண்டுற கை எதுடா?" என்று கேட்டு, ஏழுமலையின் வலக்கையைக் கல்லில் வைத்து பூட்ஸ் காலால் மிதித்தார். எலும்பு நொறுங்கிய சத்தம் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. கை போனவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை; மறுநாளோடு கணக்கு முடித்துப் போகச் சொன்னார்.

அதற்கடுத்த விடியலில் முக்தார் தலைக்கு எண்ணெய் கேட்டார். மனைவி றுகையா போத்தலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"கட்டியாப் போயீக்கி. அடுப்புக்கிட்ட வெச்சா இளகும்."

வெள்ளையாய் இறுகிக் கிடந்த எண்ணெயை முக்தார் பார்த்தார். குடத்துக்குள்ளும் இதே எண்ணெய்தான். விடியக் குளிரில் இறுகிக் கியரைப் பிடிக்கவிடாது, பகலில் இளகிவிடும். சட்டைகூடப் போடாமல் மலையேறி ஓடினார்.

களத்தில் ஏழுமலை முட்டிபோட்டுக் கிடந்தான். அன்றும் கியர் வழுக்கியிருந்தது. பிரம்பு அவன் தோளைக் கிழித்துக்கொண்டிருந்தது. முக்தார் இடையில் பாய்ந்தார்.

"அவன அடிக்க வாணாம்! நான் ஊத்தின எண்ணெதான் குளிருக்கு ஒறஞ்சீக்கி. பிழை என்ட!"

கணக்கப்பிள்ளைக்கு அவமானம் தலைக்கேறியது. வீசிய வீச்சில் முக்தாரின் கன்னம் பிளந்தது. பிறகு பிரம்பை ஏழுமலையின் முன்னால் எறிந்தார். "இந்தா, நீயே அடிடா இவனை."

முக்தார் தானாகவே முதுகைக் காட்டினார். "அடி வாப்பா. நல்லா அடி."

ஏழுமலை பிரம்பை எடுத்தான். வீங்கிக் கறுத்த விரல்கள் மடங்கவில்லை. பிரம்பு நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

"பிடிக்க முடியலீங்க நானா," என்றான்.

அதன்பிறகு முக்தார் யாரையும் அடித்ததில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று ஊர் மெச்சியது. ஏழுமலையின் விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.