வளையல் கடையில் நீட்டிய கை

கண்ணாடி வளையல் என்றால் எனக்குப் பைத்தியம். ஆனால் கம்பெனி கேன்டீனில் அண்டா தேய்க்கிறவள் கையில் அது எத்தனை நாள் தங்கும்? மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயில் தெருவில் இருக்கும் வளையல் கடைக்குப் போய்விடுவேன். கடைக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையை வாங்கி, விரல்களைக் குவித்து அமுக்கி, பேச்சுவாக்கில் ஒரு டஜனை ஏற்றிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சை நிறுத்திவிட்டு என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? உள்ளங்கை ஆட்டு வயித்துப் போட்டி மாரி மடிப்பு மடிப்பா கீது?"

பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பாத்திரம் தேய்க்கிற கை பின்ன பூவாட்டமா இருக்கும்?" என்றேன்.

"தெனம் எத்தினி கை புடிக்கிறேன். பாத்திரம் தேய்க்கிற கை, மீன் ஆயிற கை, இரும்பு தூக்கற கை எல்லாம் எனக்குத் தெரியும். அது காப்பு காச்சி கல்லாட்டம் இருக்கும். இது வேற. டாக்டராண்ட காட்டு."

என் கை அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். வழக்கமான அளவு வளையல் கழன்று விழுந்ததையும், அதைவிடச் சின்ன அளவு சோப்புப் போடாமலே ஏறியதையும்கூட, இளைத்துவிட்டேன் என்ற பெருமையில் விட்டுவிட்டேன். அப்புறம் மூன்று மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ரோஷத்துக்கு மட்டும் என்னிடம் குறைச்சலே கிடையாது.

அதற்குள் கழுத்து கறுத்துத் தடித்தது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை. உதடும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரத்துப் போயின; காரம் பட்டால் எரிந்தது. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் மணலி ஆலைக் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். நானும் போட்டேன். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், கழுத்துக்கு என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒற்றை அறை, பொட்டு வைக்கிற அளவுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

ரசம்கூட விழுங்க முடியாமல் போன அன்றைக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனேன். ஒரு களிம்பு கிடைத்தால் போதும் என்ற நினைப்பு. அந்தப் பெண் டாக்டர் உள்ளங்கையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், வாய்க்குள் டார்ச் அடித்தார். பிறகு தோலை விட்டுவிட்டு வயிற்றைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். பசிக்கிறதா, நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிறதா, எவ்வளவு இளைத்தீர்கள்?

"இது வெறும் தோல் வியாதியாத் தெரியலம்மா. சில பேருக்கு உள்ளே புற்று இருந்தா கையும் கழுத்தும் வாயும் இப்படி மாறும். வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

பார்த்தார்கள். வயிற்றில் இருந்தது. இரைப்பையைப் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வியாசர்பாடியிலிருந்து தம்பி வந்தான். போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டான். சாயங்காலமானால் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் டிபன் கேரியர் வரும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். வீம்பில் தொலைத்த அந்த மூன்று மாதத்தை நினைத்து என் மேலேயே ஆத்திரமாக வரும்.

மருந்தெல்லாம் ஏறி முடிந்தபோது உள்ளங்கை மெல்ல இளகிப் பழையபடி ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "செக்கப்பை விட்டுடாதீங்க. கை மறுபடி தடிச்சா உடனே வரணும். தினமும் பார்க்கிற நமக்கு வித்தியாசம் தெரியாது. வீட்ல யாரையாவது மாசம் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். யாரிடம் போய்ச் சொல்வது?

வெட்கத்தை விட்டு வளையல் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கடையில் ஆள் இருக்கிறதென்றும் பாராமல் திட்டித் தீர்த்தாள். அன்றிலிருந்து மாதாமாதம், வளையல் ஏற்றுவதற்கு முன்னால் கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்திப் பார்த்து "நல்லா கீது" என்பாள். அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு ஒரு மாதம் ஓடிவிடும்.

போன மாதம் அவள் அதைச் சொல்லவில்லை. அழுத்திப் பார்த்துவிட்டு, பிடித்த கையோடு சும்மா இருந்தாள். கையைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

"இன்னாடி? திரும்ப வந்துகினு கீதா?"

"சே, அதெல்லாம் இல்லக்கா. நல்லாதான் கீது." கையை விடவில்லை. "வூட்ல உனக்கு யாரு கீறா? கொஞ்ச நேரம் என் கையிலயே கெடக்கட்டும்."

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.