எனக்குத் தந்த பத்துப் பேர்

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் என் கதவுக்கு எதிர்க்கதவு அக்காவுடையது. சொந்த அக்கா அல்ல. இருவரும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினோம். விடிய பஸ்ஸில் போகும்போது அவர் பேசுவார், நான் கேட்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அவர் எடுத்துச் சொன்னால்தான் பேப்பரில் வருவது எனக்கு விளங்கும்.

அந்தக் குளிர்காலம் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. சனம் வீடுவாசலை விட்டு நடந்தது. அக்காவின் அம்மாவும் அதற்குள்தான். ஐந்து கிழமையாக ஒரு செய்தியும் இல்லை.

குயின்ஸ் பார்க்கில், மாகாணப் பாராளுமன்றத்துக்கு முன்னால், குண்டை நிறுத்தச் சொல்லிக் கூடி நிற்பது என்று முடிவானது. அப்போதெல்லாம் ஆட்களைச் சேர்க்க ஒரு முறை இருந்தது. பத்துப் பேரின் ரெலிபோன் நம்பர் எழுதிய துண்டு ஒன்று வரும். அந்தப் பத்துப் பேருக்கும் எடுத்துச் சொல்வது துண்டு வாங்கியவரின் பொறுப்பு. அக்கா எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்.

"எனக்குக் கதைக்கத் தெரியாதக்கா."

"உதிலை தெரிய என்ன கிடக்கு? ஞாயிறு பதினொரு மணி, வாங்கோ எண்டு சொல்லு. பிறகு போனை வை."

போனை வைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. முதல் ஆள் ஒரு அன்ரி. இடம், நேரம் சொன்னேன். அதோடு வாய் நிற்கவில்லை.

"பனிச் சப்பாத்துப் போடுங்கோ அன்ரி, வழுக்கும். பேப்பர்காரர் படம் எடுப்பினம், பின்னுக்கு நில்லுங்கோ. உங்கடை அகதிக் கேஸ் முடிஞ்சுதோ?"

"இல்லைப் பிள்ளை. அடுத்த மாதம்தான் ஹியரிங்."

"அப்பிடியெண்டா யோசிச்சுச் செய்யுங்கோ."

அன்ரி யோசித்தார். யோசிப்பது போனிலேயே கேட்டது.

மற்ற ஒன்பது பேருக்கும் இதையேதான் சொன்னேன். என்னுடைய கேஸும் முடியாமல் கிடந்தது. என்னால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற நினைப்பு. ஒரு அண்ணை சிரித்தார். "தங்கச்சி, நீர் வரச் சொல்லுறீரோ, வராதேங்கோ எண்டு சொல்லுறீரோ?" பகிடி விடுகிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போகவில்லை. கூப்பிட வந்த அக்காவிடம், கதவை முழுதாகத் திறக்காமலே, தலையிடி என்றேன்.

திங்கள் பஸ் நிறுத்தத்தில் அக்கா சொன்னார்: "உன்ரை பத்துப் பேரிலை ஒருத்தரும் வரேல்லை. ரெண்டு பேருக்கு எடுத்துக் கேட்டன். படம் எடுப்பினமாம், கேஸ் பழுதாப் போகுமாம், அந்தப் பிள்ளை சொன்னது எண்டினம்."

"நான் உண்மையைத்தானே சொன்னன்."

"உண்மைதான். வாங்கோ எண்டதை அதுக்குள்ளை எங்கை வைச்சனி?"

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். பிழை பிடிபட்ட ஆத்திரத்தில், "இஞ்சை நிண்டு கத்தினா அங்கை குண்டு நிக்குமே?" என்றேன். கேட்ட கேள்வியைவிடக் கேட்ட விதம் மோசம். வாயின் ஒரு பக்கத்தால், எனக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததுபோல.

அக்கா கோபிக்கவில்லை. "நிக்காது எண்டு எனக்கும் தெரியும். வீட்டிலை சும்மா இருந்து போனையே பாத்துக்கொண்டு இருக்கேலாமல்தான் போறன்," என்றார். பஸ் வந்தது. அவர் முன்னுக்குப் போய் இருந்தார்.

பிறகு எங்கள் பேச்சு குளிரோடும் வேலையோடும் நின்றுகொண்டது. அவருடைய அம்மாவிடமிருந்து கடிதம் வந்ததைத் தொழிற்சாலையில் வேறொருத்தி சொல்லித்தான் அறிந்தேன். எதிர்க்கதவுக்காரி நான். கோடையில் அவருடைய கணவருக்கு பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை கிடைத்து, அங்கே போய்விட்டார்கள். போகும்போது நம்பர் தந்தார். ஒன்றரை வருடம் அந்த நம்பருக்கு நான் எடுக்கவில்லை. விடிய பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். எல்லாம் நல்ல மறுமொழிகள். பக்கத்து இருக்கையில் யாரோ தூங்கி விழுவார்கள்.

பிறகு இன்னொரு ஆர்ப்பாட்டம் வந்தது. எனக்கு யாரும் துண்டு தரவில்லை. நானாகவே அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, சனி பன்னிரண்டு மணி, குயின்ஸ் பார்க். நான் போறன். நீங்களும் வாங்கோ."

இரண்டு பஸ் மாற வேண்டும், காற்று அடிக்கும், எல்லாம் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"பாப்பம் பிள்ளை," என்றார். அந்தக் குரலில் பழைய அக்கா இருந்தாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சனிக்கிழமை முன்வரிசையில் நின்றேன், வந்தால் அவர் கண்ணில் பட வேண்டும் என்று. படம் எடுத்தார்கள். யாரோ ஒரு பெண் பதாகையின் ஒரு முனையை என் கையில் தந்தாள். அதைப் பிடித்தபடி, எல்லாரும் கத்தியதை நானும் கத்திக்கொண்டு, சப்வே ஸ்ரேசன் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். மூன்று மணிக்குப் பதாகையைச் சுருட்டினார்கள். பிறம்ரன் தூரம்தானே. பஸ் பிந்தியிருக்கும் என்று இன்னும் ஒரு மணித்தியாலம் நின்றேன்.