காலி அட்டை

மனநலப் பிரிவின் சமூகப் பணியாளராக வில்லியனூர் பக்கத்து ஊர்களில் பல வருஷம் வீடு வீடாக அலைந்திருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "காலி அட்டை எங்கே?" என்று கேட்பது என் பழக்கம். மாத்திரை தீர்ந்த அட்டையைக் கண்ணால் பார்த்தால்தான் மருந்து சாப்பிட்டதாக நம்புவேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னிடம் எட்டு நிமிஷம்கூட நிற்காது என்று ஆபீசில் பீற்றிக்கொள்வேன்.

ஒதியம்பட்டில் ஒரு வீடு. கணவர் திருபுவனையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுபவர். யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு மூலையில் கிடந்தவரை, மருந்து கொடுத்து ஒருவழியாக வேலைக்குத் திரும்ப வைத்திருந்தோம். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவர் வேலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

"மேடம், மாத்திர போட்டா மெஷினாண்ட நிக்கசொல்ல தூக்கம் தூக்கமா வருது" என்று அவர் ஒருமுறை சொன்னார். "சூப்பர்வைசர் ரெண்டு வாட்டி பாத்துட்டாரு. இன்னொரு வாட்டி பாத்தா வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. "ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும், நிறுத்த மட்டும் கூடாது" என்று பாடம் நடத்திவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரை எழுதியிருப்பார். சொல்ல மறந்துவிட்டேன் என்றுகூட இப்போது சொல்லிக்கொள்ள முடியாது. அதை ஒரு விஷயமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்த மனைவி, நான் கேட்பதற்கு முன்பே காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வருவாள். மற்ற வீடுகளில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். பழைய அட்டையையே மறுபடி காட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்று, எல்லாவற்றையும் வாங்கிவந்து ஆபீஸ் குப்பைக் கூடையில் போட்டுவிடுவேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு.

ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர் கம்பெனிக்குப் போகவில்லை. மதகடிப்பட்டில் காதைப் பொத்திக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறியதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதோடு சரி. போலீசில் சொன்னோம், ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம். ஆள் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் ஆபீசுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முக்கால் பாட்டிலுக்கு வெள்ளை மாத்திரைகள்.

"நான்தான் மேடம் பிதுக்கிப் பிதுக்கி இதுல போட்டேன். வேல போயிடும்னு அவரு அழுதாரு. இன்னா பண்றது? நீங்க காலி அட்டதான கேட்டீங்க."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை. என்மேல் எனக்குத்தான் கோபம், இன்றுவரைக்கும் ஆறவில்லை.

"தூக்கிப் போட மனசு வரல. அவரு திரும்பி வந்தா இதையே குடுக்கலாமா, இல்ல டேட் முடிஞ்சிருக்குமா? பாத்துச் சொல்லுங்க மேடம்."

பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதி அட்டையில்தான் இருக்கும். அட்டைகளையெல்லாம் நான்தான் வாங்கிக் குப்பையில் போட்டிருந்தேன்.