உயிரோடு கணவர் இல்லை

சட்டம் கொண்டுவந்தவர்களின் நல்ல மனதில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு வீடு வைத்துக் கமுக்கமாகக் குடித்தனம் நடத்தும் ஆண்களின் கொட்டத்தை அடக்கத்தான் கொண்டுவந்தார்கள். இனி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும். பழைய திருமணங்களையும் ஓராண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால் அந்தத் திருமணம் நடக்கவே இல்லை. பழசுக்கும் புதுசுக்கும் ஒரே விண்ணப்பம். அதன் நான்காவது பத்தி: ‘எனக்கு உயிரோடு கணவரோ மனைவியோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்.’ பொய் சொன்னால் ஆறு மாதம் சிறை. சபையில் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். கமுக்கமான ஆண்களுக்குத் தூக்கம் போயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. அவர்கள் நன்றாகவே தூங்கினார்கள். தூக்கம் போனது செக்கிங் அக்காவுக்கு.

செக்கிங் அக்கா ஒரு சட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருப்பவர். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேசை. மணிக்கு நாற்பது சட்டை. காலரின் இரண்டு முனையும் ஒன்றா, கையில் தையல் தாண்டியிருக்கிறதா, எங்காவது பிசிறு தொங்குகிறதா என்று பார்ப்பார். பிழை இருந்தால் அந்த இடத்தில் செம்மஞ்சள் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று. ஸ்டிக்கர் ஒட்டிய சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். வேறு யாரும் அதைச் சரிசெய்யக் கூடாது. அதுதான் அந்தக் கம்பெனியின் வழக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மேலாளரின் சொந்தச் சட்டையிலேயே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார் என்று தையல்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பொய்யில்லை.

அவருடைய கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனைக் கட்டிலில் ரத்தம் சுத்தம் செய்துகொள்வதே அவருக்கு வேலையாகிவிட்டது. நான்கு மாதத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகளின் ரத்தம் பொருந்தவில்லை. அக்காவுடையது பொருந்தியது. முப்பத்தொரு வருடத்தில் இருவருக்கும் பொருந்திய முதல் விஷயம் அதுதான் என்று கிரேன்காரர் நர்ஸிடம் சொன்னார்.

உறுப்பு விற்பனையைத் தடுக்க, நெருங்கிய சொந்தம்தான் சிறுநீரகம் தரலாம் என்று ஒரு விதி இருந்தது. மனைவி தரலாம். மனைவி என்பதற்கு, புதுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். கல்யாணப் புகைப்படம், குடும்ப அட்டை, இருபத்தெட்டு வயது மகள் எதுவும் செல்லாது. சட்டம் வந்து அப்போதுதான் ஐந்து மாதம்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“உயிரோட புருஷன் இருக்காராம்மா?”

“இதோ பக்கத்துல உக்காந்திருக்காரே.”

“அப்போ பதிய முடியாதும்மா. நாலாவது பத்தி.”

“இவரோட நடந்த கல்யாணத்தைத்தான் தம்பி பதிய வந்திருக்கேன்.”

“புரியுது. ஆனா புருஷன் இருக்கறவங்களுக்குக் கல்யாணம் பதியக் கூடாது.”

“புருஷன் இல்லைன்னு எழுதினா?”

“தாராளமாப் பதியலாம்.”

“யாரோட?”

“இவரோடதான்.”

கிரேன்காரர் தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கும்மா. இன்னும் ஏழு மாசம் பேசாம இருங்க. வருஷம் முடிஞ்சதும் சட்டப்படி உங்களுக்குக் கல்யாணமே நடந்திருக்காது. அப்புறம் நாலாவது பத்தியில நீங்க எழுதறது சத்தியம். நிம்மதியாப் பதிஞ்சுக்கலாம்.”

“இவரு நாலு மாசம்தான் தாங்குவாராம்.”

“அப்போ விவாகரத்து வாங்கிட்டு வாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்.”

அக்கா விண்ணப்பத்தைக் கையில் எடுத்து, சட்டையைத் திருப்பிப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தார். “இதை எழுதினவங்க யாரு? அவங்ககிட்டயே திருப்பி அனுப்பணும்.”

“அவங்க வேற துறைக்குப் போயிட்டாங்கம்மா. இப்ப மீன்வளத்துல இருக்காங்க.”

அக்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மூக்கு நுனி மட்டும் சிவக்கும். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, நான்காவது பத்திக்கு நேராக ஒரு செம்மஞ்சள் அம்புக்குறியை அழுத்தி ஒட்டினார். அதற்குக் கீழே, தனக்கு உயிரோடு கணவர் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இல்லாத கணவர், தனக்கு மனைவி இல்லை என்று போட்டார்.

“இதெல்லாம் ஒட்டக் கூடாதும்மா,” என்று எழுத்தர் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். முழுசாக வரவில்லை.

ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்வதற்காக முப்பது நாள் இருவர் படமும் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. ஐம்பத்துநான்கு வயது மணமகள், ஐம்பத்தெட்டு வயது மணமகன். கம்பெனியில் சும்மா விடுவார்களா?

“மாப்பிள்ளை என்ன பண்றாருக்கா?” என்று கேட்டாள் பொத்தான் பிரிவுப் பெண்.

“படுத்திருக்காரு.”

“ஓடிப்போகலாம்னு தோணலையா உங்களுக்கு?”

“முப்பது வருஷமாத் தோணுது. இவருதான் வண்டி எடுக்க மாட்டேங்கறாரு.”

சொல்லிவிட்டு அக்கா திரும்பிக்கொண்டார். அன்று அவர் மேசையிலிருந்து திரும்பிப் போன சட்டைகள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு.

முப்பது நாள் ஓடியது. சான்றிதழ் வந்தது, அன்றைய தேதியோடு. பதிவு அதிகாரி எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்.

அந்தத் தேதிதான் அடுத்த வினை. கல்யாணமாகி ஓராண்டு ஆகாத தம்பதி சிறுநீரகம் கொடுத்து வாங்கினால், அது போலிக் கல்யாணமா என்று ஒரு குழு விசாரிக்க வேண்டும். இதுவும் நல்லெண்ணத்தில் போட்ட விதிதான். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குளிர்சாதனம் சொட்டுகிற ஓர் அறையில், பத்தொன்பது நாள் வயதான தம்பதி போய் உட்கார்ந்தார்கள். எதிரே தலைவியாக ஒரு மூத்த டாக்டரம்மா, பக்கத்தில் ஒரு வக்கீல்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். “மகளுக்கு இருபத்தெட்டு வயசு. கல்யாணம் போன மாசம். இவ்வளவு நாள் இல்லாத அவசரம் இப்ப எதுக்கு?”

அக்காவின் மூக்கு நுனி சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கிரேன்காரர் கையைத் தூக்கினார். “வேண்டாங்க. எனக்கு இவ கிட்னி வேண்டாம். நான் முதல்லயே சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?” என்றார் வக்கீல்.

கிரேன்காரர் மனைவி பக்கம் திரும்பினார். “ஒண்ணைக் கொடுத்துட்டு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவே.”

“காட்டுவேன். அதுக்குத்தான் கொடுக்கறேன்.”

“பாத்தீங்களா டாக்டரம்மா?”

“டாக்டரம்மாவை ஏன் இழுக்கறீங்க? உப்பைக் குறைங்கன்னு பத்து வருஷமாத் தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டீங்களா? கிரேன் மேல ஏறி உக்காந்தா கீழ இருக்கறவன் பேசறது காதுல விழாது. அதே காதைத்தான் வீட்டுக்கும் எடுத்துட்டு வருவாரு டாக்டரம்மா.”

“இப்ப மட்டும் நீ இழுக்கலாமா? வாசல்ல நிறுத்தி, காலரைப் பிடிச்சு, பிசிறு வெட்டித்தான் என்னை வெளிய விடுவா. நான் புருஷனா, பார்சலா?”

“பார்சல்னா இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இந்த உப்புச் சண்டை எத்தனை வருஷமா?”

“பத்து,” என்றார் அக்கா.

“பதினொண்ணு,” என்றார் கிரேன்காரர். “நீ ஆரம்பிச்சது மக கல்லூரி சேர்ந்த வருஷம்.”

“சேந்தது ஜூன்ல. நான் ஆரம்பிச்சது அதுக்கப்புறம்.”

வக்கீல் தலைவியின் பக்கம் சாய்ந்தார். “மேடம், இதை யாரும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வர முடியாது.”

கையெழுத்தானது. ‘இவ்விருவரும் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கணவன் மனைவியாக வாழ்ந்துவருகின்றனர் என்று குழு ஐயமின்றித் தீர்மானிக்கிறது’ என்று டாக்டரம்மா அழகான கையெழுத்தில் எழுதினார். விதிப்படி ஒரு நகல் பதிவு அலுவலகத்துக்குப் போனது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பழைய முதலாளியைவிடப் புது முதலாளியிடம் சிறுநீரகம் நன்றாக வேலை செய்வதாக மருத்துவர் சொன்னார். மூன்றாவது வாரம், முகமூடி போட்டுக்கொண்டு உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கிரேன்காரர் கையில் ஒரு பதிவுத் தபால் வந்தது. குழுவின் தீர்மானப்படி அக்காவுக்கு முப்பத்தொரு வருடமாகக் கணவர் இருந்திருக்கிறார். அப்படியானால் விண்ணப்பத்தில் கணவர் இல்லை என்று எழுதியது பொய். ஏன் வழக்குத் தொடரக் கூடாது என்று நேரில் வந்து விளக்கவும்.

விளக்கத்துக்கான நாள் மூன்று முறை தள்ளிப்போனது. நான்காவது முறை போனபோது சட்டத்துக்கு ஒரு வயது முடிந்திருந்தது. அலுவலகத்தில் கூட்டம். அக்காவுக்கு முன்னால் ஒருவர், புதுச் சட்டையில், ஒரு இளம் பெண்ணோடு.

“முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?” என்று கேட்டார் எழுத்தர்.

“ஒண்ணு இருந்துச்சுங்க. பதியலை. வருஷம் முடிஞ்சிடுச்சே, அதனால நடக்கலை.”

“சரிதான். நாலாவது பத்தியில போடுங்க.”

அந்த ஆள் சிரித்துக்கொண்டே போட்டார். அவர் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யாரை அடக்கப் போட்டார்களோ, அவருக்கே சட்டம் பெருக்கித் துடைத்துப் பாதை போட்டுக் கொடுத்திருந்தது. எங்கோ ஒரு வீட்டில், தனக்குக் கல்யாணமே நடக்கவில்லை என்று தெரியாமல், ஒரு பெண் இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். பத்தே நிமிடத்தில் அவர் வேலை முடிந்து, வாழ்த்தும் வாங்கிக்கொண்டு போனார். வலது காலர் முனை இடதைவிட நீளம் என்பதை அக்கா கவனித்தார்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அதிகாரி கோப்பைப் பிரித்தார்.

“விண்ணப்பம் கொடுத்த அன்னைக்கு உங்களுக்குப் புருஷன் இருந்தாரா, இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க.”

எழுத்தர் அக்காவின் காதருகே குனிந்தார். “இருந்தாருன்னா ஆறு மாசம்மா. இல்லைன்னா மருத்துவக் குழுவை ஏமாத்தினதா ஆயிடும். அதுக்கு அஞ்சு வருஷம், உங்க வீட்டுக்காரருக்கும் சேத்து.”

அக்கா யோசிக்கவில்லை. தையல் போட்ட விலாவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“இருந்தாரு சார். எழுதிக்கங்க. இப்பவும் இருக்காரு. அவரு இருக்கணும்னுதான் இல்லைன்னு எழுதினேன். மறுபடி கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். மூடினார். கோப்பின் பக்கங்களை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். இதற்கு என்ன செய்வது என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

“அடுத்த மாசம் வாங்க,” என்றார்.

“வர மாட்டேன் சார்,” என்றார் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. “இன்னைக்கே முடிங்க.”